கீழே வைத்த கோப்பை

ஹம்தான் கடப்பாரையை டயருக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவே செருகி, ஏறி மிதித்தான். அசையவில்லை. ஸர்கா என்ற அந்த அரபு நகரத்தின் ஆகஸ்டு வெயில் அவனது டயர் கடையின் தகரக் கூரை வழியே இறங்கிக்கொண்டிருந்தது. மகள் லுப்னா கைபேசியோடு வாசலில் நின்றாள்.

"அப்பா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள, எனக்குக் கெடச்ச தகவல் அமைப்புப் படிப்புல சேர்றேன்னு பல்கலைக்கழகத்துக்கு உறுதி பண்ணணும். இல்லேன்னா இடம் போயிரும்."

"நீ கேட்டது கணினி அறிவியல்தானே?"

"அதுக்கு மார்க் கொஞ்சம் பத்தல. காசு கட்டினா உண்டு. அதே வகுப்பு, அதே வாத்தியார்."

"காசு இருந்தா கழுதைக்கும் பெஞ்சு போடுவானுங்க."

"இதுவும் கம்ப்யூட்டர் படிப்புதான்ப்பா. பாதிப் பாடம் ஒண்ணுதான்."

"உன் அத்தை மகன் இதைத்தான் படிச்சான். ஃபோன் கார்டு விக்கிறான்."

"கணினி அறிவியல் படிச்ச எதிர்வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டறாரு."

ஹம்தான் மறுபடி கடப்பாரையில் ஏறினான்.

அன்று மாலை டீசலில் கை கழுவி, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு அபூ நவ்வாஃப் வீட்டுக்குப் போனான். அபூ நவ்வாஃப் அவன் குலத்துக்காரர். பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கை அதிகாரி. கூடம் நிறைய ஆட்கள். காப்பி வந்தது. ஹம்தான் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கம்பளத்தில் வைத்தான். பேச்சு நின்றது. அவர்கள் வழக்கத்தில் விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால், கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டான்; குடித்தால் வாக்குக் கிடைத்தது என்று அர்த்தம்.

"என்ன ஹம்தான், காப்பியக் குடிப்பா."

"என் மகளைக் கணினி அறிவியலுக்கு மாத்திக் குடுங்க. குடிக்கிறேன்."

அபூ நவ்வாஃப் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். "குடி. முடிஞ்சுதுன்னு வெச்சுக்க."

ஒரே மடக்கில் குடித்தான்.

"எழுதிக் குடுத்தாரா?" வீட்டில் லுப்னா கேட்டாள்.

"அத்தனை பேர் முன்னால குடிச்சிருக்கேன். எழுத்து எதுக்கு?"

"இதை உறுதி பண்ணிட்டு, அப்புறம் மாத்திக்கலாமேப்பா."

"உறுதி பண்ணினா அவர் வாக்கை நம்பலேன்னு ஆகும். அவர் காதுக்குப் போனா அதோட காரியம் கெட்டுது."

வங்கியையோ, சர்க்காரையோ, தொலைக்காட்சியில் சொல்லும் மழையையோ நம்பாதவன் அவன். மறுநாள் காலையில், அவள் உறுதி பண்ணிவிடாதபடி மகளின் கைபேசியை வாங்கிக் கடை மேசைக்குள் வைத்துப் பூட்டினான். சாயங்காலம் கெடு முடிந்து பூட்டைத் திறந்தபோது திரையில் தவறிய அழைப்பு எதுவுமில்லை.

வாரம் ஒன்று போனது. செய்தி வரவில்லை. மறுபடி அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். காப்பி வந்ததும் இருவருமே கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"பையன் மார்க்கு ரொம்பக் கம்மி," என்றார் ஒப்பந்தக்காரர். "கணினி அறிவியல்தான் வேணுங்கிறான்."

அபூ நவ்வாஃப் சிரித்தார். "உங்களுக்கு இல்லாததா? குடிங்க."

அவர் குடித்தார்.

"என் மகள் விஷயம்..." என்றான் ஹம்தான்.

"இடம் நெறஞ்சு போச்சுப்பா."

"அன்னைக்கு வாக்குக் குடுத்தீங்களே. அதை நம்பித்தான் கையில இருந்ததையும் விட்டோம்."

"கையில இருந்த இடத்தை யாரு விடச் சொன்னது?"

ஹம்தான் எழுந்திருக்கவில்லை. கோப்பையையும் தொடவில்லை. காப்பியின் ஆவி அடங்கியது. பரிமாறுகிறவன் வந்து, காலிக் கோப்பையோடு நிறைந்த கோப்பையையும் எடுத்துப் போனான். ஆறிய காப்பியை வாசலில், ஹம்தானின் செருப்புக்குப் பக்கத்தில் ஊற்றினான். கோப்பையை அலசி நிரப்பி, அடுத்து வந்தவரிடம் நீட்டினான்.