மலைக்குப் பின்னால் ஒரு கை

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் ஒரு கை மட்டும்தான். ஏற்காட்டில் ஒரு வீட்டில் மேசை முழுக்க ஓடும் பொம்மை ரயிலைப் பார்த்தேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி குமிழைத் திருப்ப, ரயில் ஒரு சாந்து மலைக்குப் பின்னால் போனது. நான் நின்ற மூலையிலிருந்து அது தெரிந்தது: ஒரு பெண்ணின் கை நீண்டு, சாய்ந்த பெட்டியைத் தாங்கி நிமிர்த்திவிட்டு மறைந்தது. ரயில் சுற்றி வந்ததும் அவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்தக் கை யாருடையது என்று கேட்கத் தோன்றுவதற்குள் காபி வந்துவிட்டது. காபியைக் கொண்டுவந்ததும் அதே கைதானா, தெரியவில்லை.

ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "சேர்வராயன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது அற்புதம் –" வேண்டாம். ஏற்காடு என்றதும் பனியில் தொடங்குவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது: "சிங்கராயர் கொடுமைக்காரர்." இதை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்திருந்தேன். கொடுமைக்காரரின் ரயிலை மனைவி எதற்குத் தாங்க வேண்டும்? விழட்டும் என்று விட்டிருப்பாளே. அடித்துவிட்டேன்.

மூன்றாவது நிற்கிறது:

சிங்கராயர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பெங்களூருக்குக் குடிபோன மேனேஜர், தன் பொம்மை ரயிலையும் மேசையையும் அவருக்கே விட்டுப்போனார். எஸ்டேட் குடியிருப்பைக் காலிசெய்து சின்ன வீட்டுக்கு வந்தபோது மேசை அறைக்குள் அடங்கவில்லை. சிங்கராயர் ஒரு முனையை அறுத்தார். தண்டவாளத்தைத் தானே வளைத்துப் பொருத்தினார். கோழிவலை, சாக்கு, சாந்து எல்லாம் வைத்து அந்த வளைவை ஒட்டி ஒரு மலை கட்டினார். சேலம் ஜில்லாவிலேயே இப்படியொரு வளைவை எவனும் போட்டதில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

வளைவு சரியில்லை. இறுக்கம் அதிகம். ரயில் அங்கே திரும்பும்போது கடைசிப் பெட்டி சாயும். முதல் ஓட்டத்திலேயே அவர் மனைவி அற்புதம் அதைப் பார்த்துவிட்டாள். கை தானாக நீண்டது. மலைக்கு அப்பாலிருந்து அவர், "வருதா?" என்றார். "வருதுங்க" என்றாள்.

சில உண்மைகளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அற்புதம் ஞாயிறுதோறும் கோயில் பூசை முடிந்து வந்து, கையில் ஒரு துணியோடு மலைக்குப் பின்னால் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். தண்டவாளத்தைத் துடைக்கிறாளாம்.*

* ஒருநாளாவது விழவிட்டுப் பார்க்கும் ஆசை வந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி சாயத் தொடங்கியதும் கை வந்துவிட்டது.

3

1986இல் பக்கீர் முகமது கதைக்குள் வருகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரிமோட் கார் சக்கரம் உடைந்து கடையில் கிடந்தது. கையில் பிடிக்கிற பெட்டிக்கும் காருக்குள் இருந்த ரிசீவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார் மோட்டாரைப் பல்சக்கரம் வைத்து ரயிலின் குமிழோடு கோத்துவிட்டால், அறையில் எங்கே நின்றும் கம்பியில்லாமல் ரயிலை ஓட்டலாம் என்றார் பக்கீர்.

சிங்கராயருக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. இதையே கரடியூர் பஸ்ஸில் மாட்டி நேரத்துக்கு வரவைக்க முடியுமா என்று கேட்டார். டிரைவரை டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் மட்டும் வந்து நிற்கும், பரவாயில்லையா என்றார் பக்கீர்.

"இனி நாற்காலியிலயே கட்டிக்கெடக்க வேண்டியதில்ல, அற்புதம்" என்றார் சிங்கராயர். "அந்தப் பக்கம் நின்னு என் வளைவை நானே பாக்கலாம்."

அற்புதம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கத்துவார் என்ற பயம் அவளுக்கு இல்லை. கத்த மாட்டார். சாயும் பெட்டியைப் பார்ப்பார். பிறகு அவளைப் பார்ப்பார். பிறகு போன ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அவர் சந்தோஷமாக இருந்த ஒரு ஞாயிறுகூட மிஞ்சாது.

4

சிங்கராயர் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம். ரிசீவரைப் பொருத்திக்கொண்டிருந்த பக்கீர், மலைக்குப் பின்னால் வந்து தண்டவாளத்தை விரலால் தடவினார்.

"ஏனுங்கக்கா, இந்த வளைவுல வண்டி எப்படிங்க நிக்குது?"

"நான் புடிச்சுக்குவேனுங்க."

பக்கீர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரைட்டருக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள். பக்கீர் கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். வளைவைச் சரிசெய்யலாம், ஆனால் மலையை உடைக்காமல் முடியாது என்றார். இன்னொரு வழியும் இருந்தது. ஏரியலை வெட்டிக் குட்டையாக்கிவிட்டால், நாற்காலியை விட்டு எழுந்ததும் ரயில் சொன்னபடி கேட்காது.

"மலைக்குள்ள கம்பிவலை இருக்குது, அலை தாண்ட மாட்டேங்குதுன்னு சொல்லிப்போடறேன். முழுசாப் பொய்யும் இல்லீங்கக்கா."

[இங்கே வெகுநாள் நின்றுவிட்டேன். வெட்டினால் எல்லாம் பழையபடி நடக்கும். அவள் விரும்புவது அதைத்தானா? "இரக்கத்தால் தாங்கினாள்" என்று எழுதியிருந்தேன். அது பாதி. மலை மறைக்கிற அந்த ஒரு நொடி ரயில் அவளுடையது. அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அதை விட மனமில்லாமல் இருக்கலாம். அல்லது, இத்தனை காலம் நீண்ட அந்தக் கையை யாராவது ஒருதரம் பார்க்க வேண்டும் என்று –]

"வெட்ட வேண்டாமுங்க" என்றாள் அற்புதம்.

ஏனென்று பக்கீர் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் சொல்லவில்லை.

5

ஒரு முடிவில் சிங்கராயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ரயிலை விற்றுவிடுகிறார். எழுதிப் பார்த்தேன், அந்த மனுஷர் அதற்கு ஒத்துவரவில்லை. இன்னொன்றில் பேட்டரி வேலை செய்யவில்லை. அது கோழைத்தனம், அதுவும் என்னுடையது.

நடந்ததாக நான் நம்புவது இது. பேட்டரியோடு வந்த சிங்கராயர் ரிமோட் பெட்டியை வாங்கி அழுத்தினார். குமிழ் தானாகத் திரும்பி ரயில் நகர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். நிறுத்தினார். பிறகு ரிமோட்டை மனைவியிடம் நீட்டினார்.

"நீ உக்காந்து ஓட்டு. நான் அந்தப் பக்கம் போறேன்."

"எனக்கெதுக்குங்க?"

"எந்நேரமும் தொடச்சுக்கிட்டே நிப்பியா? உக்காரு."

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மலை தெரிந்தது. மலைக்கு மேலே அவருடைய வழுக்கை தெரிந்தது. கைகள் தெரியவில்லை. பக்கீர் வாசல் பக்கம் திரும்பி, மூடியிருந்த சாமான் பெட்டியைத் திறந்து மறுபடி மூடினார்.

இப்போதாவது சொல்லிவிடலாம். வாய் திறந்தாள். கட்டைவிரல் முந்திக்கொண்டது.

ரயில் மெதுவாக மலைக்குப் பின்னால் போனது. சக்கரம் வளைவில் கிறீச்சிட்டது. பெட்டி சாய்ந்து மேசையில் இடிக்கும் சத்தத்துக்காக அவள் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. வரவில்லை. எஞ்சின் வந்தது, பெட்டிகள் வந்தன, கடைசிப் பெட்டியும் நேராக நின்றபடி வந்தது.

முதல்தடவை என்ற பயத்தில் அவள் மெதுவாக விட்டதால் சாயாமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால் அங்கே ஒரு கை நீண்டிருக்க வேண்டும். வழுக்கை குனிந்தே இருந்தது. வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"இன்னொருக்கா விடு, அற்புதம்."

அந்தக் குரலைப் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அதில் இருப்பதை என்னால் படிக்க முடியவில்லை. எழுதுகிறவள் மலையைச் சுற்றிப் போய்ப் பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நான் போகவில்லை. அவளுக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். பார்த்ததை எங்களிடம் சொல்லாதீர்கள்.

அற்புதம் இந்தமுறை வேகத்தைக் கூட்டினாள்.