பூஜை போட்ட பந்து

என் அக்கா புருஷன் உத்தமனைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. பந்தைக் காலால் தொடுகிறவர்கள் ஒரு வகை, மிச்சம் எல்லாம் இன்னொரு வகை. கள்ளிக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்துக்கொண்டு, சாயந்திரமானால் டிவியில் கிரிக்கெட் பார்க்கிற நான் அந்த மிச்சத்தில் சேர்ந்தவன். என்னை எங்கே பார்த்தாலும், "இன்னா மச்சான், இன்னும் அந்தக் கட்டையத் தூக்கிக்கினு நிக்கிறவங்களத்தான் பாத்துகினு கீறியா?" என்பார். அக்கா முகத்துக்காகச் சிரித்து வைப்பேன்.

மாமா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். இளமையிலிருந்தே குவார்ட்டர்ஸ் டீமுக்கு அவர்தான் கோல் கீப்பர். தொப்பை விழுந்து, ரிட்டயர்மென்ட் எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும் ஞாயிற்றுக்கிழமையானால் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற விஷயத்திலும் அப்படியே கோலுக்கு முன்னால் நின்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வித்யாவுக்கு வந்த முதல் வரன் ஐடி கம்பெனிப் பையன். மாமா அவனிடம் சம்பளம் கேட்கவில்லை, நட்சத்திரம் கேட்கவில்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டார். "ஆன்சைட் தெரியும் அங்கிள், ரெண்டு தடவை போயிருக்கேன். இது தெரியலையே" என்றான் அவன். அவ்வளவுதான். அடுத்தவனுக்கு நூம்பலில் சொந்த வீடு, அடக்கமான பையன். பாவம், கிரிக்கெட் பிடிக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். காபி ஆறுவதற்குள் அந்தச் சம்பந்தமும் ஆறிப்போயிற்று.

வித்யா கெட்டிக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அங்கே அமெரிக்க ஆபீசிலிருந்து வந்திருந்த விஷால் என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நம் ஆள்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது டல்லாஸ். அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும் என்று என் கடைக்கே வந்து நின்றாள். பையன் ஃபுட்பால் ஆடுவானா என்றேன். "காலேஜ் டீம்லயே ஆடியிருக்கார் மாமா" என்றாள், பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் மாமா விழுந்துவிட்டார். போட்டோகூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் உலகக் கோப்பையே அமெரிக்காவில்தான், டல்லாஸிலும் மேட்ச் உண்டு, சம்பந்தி வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று மளமளவென்று போய்க்கொண்டே இருந்தார். ஜூன் மாதம் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுமா என்று அக்காவிடம் கேட்டார். முதலில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வழியைப் பாருங்கள் என்றாள் என் அக்கா வசந்தகுமாரி.

பையனின் அம்மா மங்களம் டல்லாஸிலிருந்து நவராத்திரிக்கு வந்திருந்தார். ஆயுத பூஜையன்று சாயந்திரம் அம்மாவும் பிள்ளையும் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். கூடத்தில் பூஜை முடிந்து எல்லாம் அப்படியே இருந்தது. ஸ்பேனர், சுத்தியல், அக்காவின் தையல் மெஷின், வித்யாவின் லேப்டாப், எல்லாவற்றுக்கும் நடுவே மாமாவின் ஃபுட்பால். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூச்சூட்டி அமர்த்தியிருந்தார். சரஸ்வதி படத்தைவிடப் பந்துக்குத்தான் பெரிய பொட்டு.

விஷாலால் குவார்ட்டர்ஸ் வாசலில் தோளைச் சாய்த்து, பக்கவாட்டில்தான் உள்ளே வர முடிந்தது. மாமா காலில் விழுந்து கும்பிட்டான். மாமா பூரித்துப்போய், டீமில் எந்த இடத்தில் ஆடுவாய் என்றார்.

"ரன்னிங் பேக் அங்கிள்."

மாமாவுக்கு ஃபுல் பேக் தெரியும். இந்த பேக் ஏன் ஓடுகிறது என்று புரியவில்லை. பையன் பொய் பேசத் தெரியாதவன். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம் என்றும், பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும் என்றும், அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றும், எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள் என்றும் கையாலேயே காட்டி விளக்கினான். மாமாவின் கையிலிருந்த பொரி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"கையாலயா? அப்ப காலு எதுக்குப்பா?"

"ஓடறதுக்கு அங்கிள்."

வித்யா சுவரிலிருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

உலகமே ஆடுகிற ஆட்டம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஏன் கசக்கிறது என்று கேட்டார் மாமா. விவரமான பையனாக இருந்தால் வயிறு சரியில்லை என்று எழுந்து போயிருப்பான். இவன் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி பதில் சொன்னான். அங்கேயும் சின்னப் பிள்ளைகள் ஆடத்தான் ஆடுகிறார்களாம், அம்மாக்கள் வண்டியில் கொண்டுவந்து விடுவார்களாம். வளர்ந்ததும் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்களாம். ஒன்றரை மணி நேரம் ஓடியும் ஒரு கோல்கூட விழாமல், இரண்டு பக்கமும் கை குலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது அவர்களுக்குப் பிடிபடவே இல்லையாம். நடுநடுவே ஆட்டம் நின்றால்தானே எழுந்து போய் எதையாவது வாங்கித் தின்ன முடியும்? அப்புறம், லேசாக இடித்தாலே காலை வெட்டியது போல உருண்டு புரள்கிறார்களே, அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

உருள்வது உண்மைதான் என்று நான் ஒத்து ஊதினேன். மாமா பார்த்த பார்வையில் எனக்கு மேற்கொண்டு ஊத மூச்சு வரவில்லை.

அக்கா மட்டும் சுவாரசியமாகக் கேட்டாள். "ஒரு கோலும் வுழாமலே முடிஞ்சுடுதா தம்பி? இவரு கூட முப்பது வருசமா நான் அந்த ஆட்டந்தானே ஆடிகினு கீறேன்."

மங்களம் அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது. மாமா சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வாப்பா. ஒரே ஒரு கோல் போடு, காலால. போட்டா பொண்ணு உனுக்கு. இல்லாங்காட்டி இத்தோட உட்ருவோம்."

வித்யா விருட்டென்று சமையலறைக்குள் போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். "அவர் இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம் மாமா. ஆனா அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு குடுக்கிற கல்யாணமும் எனக்கு வேணாம்" என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வந்தவர்கள் போனதும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பெண்ணைப் பெனால்டி புள்ளியில் வைத்து விளையாடுகிறீர்களே, இது நன்றாக இருக்கிறதா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "ஏழு கடல் தாண்டி அனுப்பறேன் மச்சான். அங்க போய் அவன் எப்படின்னு எனுக்கு யாரு சொல்லுவா? எனுக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். அத வெச்சுத்தானே நான் ஒரு ஆள எடை போட முடியும்" என்றார்.

விஜயதசமிக் காலையில் பூஜை போட்ட பந்தைக் கிரவுண்டுக்குக் கொண்டுவந்து வருஷத்தின் முதல் உதை உதைப்பது குவார்ட்டர்ஸ் வழக்கம். தட்டில் வெற்றிலை பாக்கோடு பந்து வந்தது. சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. நடுவில் வைத்தார்கள். டீம் ஆட்கள் சுற்றி நின்றார்கள். மாமா கையுறை மாட்டி, கழுத்தில் விசிலோடு கோலில் நின்றார். அவரே கீப்பர், அவரே நடுவர். மங்களம் அம்மா குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

மாமா விசில் ஊதினார். விஷால் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். காலைத் தூக்கினான். இறக்கினான். குங்குமத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினான். வித்யா என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் குனிந்து பந்தை இரண்டு கையாலும் எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

டீம் ஆட்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். ஒருவன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினான், இரண்டு பேர் காலைக் கட்டிக்கொண்டார்கள். பையன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போனான். மாமா கையை விரித்து நின்றார். அவர்மேல் இடிக்காமல் மரியாதையாக ஒதுங்கி, கோட்டைத் தாண்டி, குத்துவிளக்கை வைப்பது போலப் பந்தைக் கீழே வைத்தான்.

மாமா காது கிழிய விசில் ஊதினார். "ஹேண்ட் பால்."

விஷாலுக்கு மூச்சு வாங்கியது. "சாமி கும்பிட்ட பொருள் அங்கிள். எப்படிக் காலால உதைக்கிறது? புஸ்தகத்துல கால் பட்டாலே அம்மா தொட்டுக் கும்பிடச் சொல்வாங்க."

"நேத்து நீங்கதானே கற்பூரம் காட்டினீங்க?" என்றார் மங்களம் அம்மா, குடையைச் சற்றும் அசைக்காமல்.

இத்தனை வருஷமாகப் பூஜை போட்டு, கற்பூரம் காட்டி, மறுநாள் காலையில் எட்டி உதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் தோன்றியதே இல்லை. ஃபிட்டர், வெல்டர், டர்னர் எல்லாரும் தலையைக் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மாமா மெதுவாகப் பந்தை எடுத்தார். தான் வைத்த பொட்டையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஹேண்ட் பால் ஹேண்ட் பால்தான். அதுல மாத்தமில்ல" என்றார்.

வித்யாவின் பிடி தளர்ந்தது.

"ஆனா கையால புடிக்கவும் ரூல்ல ஒருத்தனுக்கு எடம் கீது." கையுறையைக் கழற்றி நீட்டினார். "மாட்டிக்கினு அங்க நில்லு."

பொட்டு வைக்காத வேறு பந்து வந்தது. கையுறை விஷாலுக்குப் பாதி விரலுக்குத்தான் ஏறியது. மாமா நாலடி பின்னால் போய், தொப்பை குலுங்க ஓடி வந்து உதைத்தார். பந்து பையனின் மார்பில் போய்ப் பதிந்தது. உதைத்த வேகத்தில் மாமா மல்லாக்க விழுந்தார். விஷால் ஓடி வந்து ஒரு கையால் அவரைத் தூக்கி நிறுத்தினான். இன்னொரு கையில் பந்து அப்படியே இருந்தது.

மாமா முதுகு மண்ணைத் தட்டக்கூட இல்லை. என் பக்கம் திரும்பினார். "பாத்தியா மச்சான். என்னியத் தூக்கறப்பகூட பந்தக் கீழ உடல. புடிச்சா உடமாட்டான் இவன்." கண் கலங்கியிருந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார். வித்யா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

தை மாதம் வேலப்பன்சாவடி மண்டபத்தில் கல்யாணம். அமெரிக்கச் சம்பந்தம் என்றதும் ஃபேக்டரி ஆட்கள் எல்லாரும் பந்தியில் மாமாவிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அமெரிக்காக்காரனுக்கு ஏன் நம்ம ஃபுட்பால் பிடிக்கவில்லை? மாமா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு இலைக்கும் விளக்கம் சொன்னார். அவர்களுக்குப் பந்து என்றால் சாமி மாதிரி, காலால் தொட மாட்டார்கள், மார்போடு அணைத்துத்தான் கொண்டுபோவார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டித் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போய், உண்மைக் காரணம் அதில்லை என்று பையனே உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னானே என்றேன்.

"தெரியும் மச்சான்" என்றார். மணமேடையில் வித்யா சிரித்துக்கொண்டிருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "என் பொண்ணு போற ஊரு அது. மருவாதி தெரிஞ்ச ஊருன்னு சொல்லிக்கினாத்தான் எனுக்குத் தூக்கம் வருது."