மாமியாரைக் கடல்சிங்கம் என்று சொன்ன கதை

என்னைப் பெண் பார்க்க வால்டோவின் அம்மா எர்சீலியா தலைநகர் சாந்தியாகோவிலிருந்து எங்கள் கடற்கரை ஊருக்கு வந்தாள். பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் மகனை இழுத்துக்கொண்டு அடுத்த பஸ். எனக்கோ அவனில்லாமல் ஒரு நாள் ஓடாது.

மரத்தட்டில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி அவள் முன் வைத்தேன்.

"மாப்புச்சே வீட்டுல பீங்கான் தட்டே கிடையாதா? மரத்துலயா திம்பீங்க?"

எங்கள் பழங்குடியின் பேரை வசவு மாதிரிச் சொன்னாள். நான் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

அப்போதுதான் பூமி பேயாட்டம் ஆடியது. நின்றதும் அப்பா கத்தினார்: "காய்க்காய் முழிச்சிடுச்சு! மலைக்கு ஓடுங்க!"

கடலுக்குள் கிடக்கும் காய்க்காய் பாம்பு வாலை அடித்தால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். மலைக்குள் இருக்கும் த்ரென்த்ரென் பாம்பு நமக்காக மலையைத் தூக்கும். சூரியனை உரசும்வரை தூக்குமாம். மண்டை வெந்துபோகாமலிருக்கத் தலையில் மரத்தட்டு வேண்டும். இது எங்கள் கரையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அப்பா தட்டைத் தலையில் கவிழ்த்தார், குழம்பு மீசையில் வழிந்தது. வால்டோவும் காதலுக்காகக் கவிழ்த்துக்கொண்டான்.

எர்சீலியா நாற்காலியை விட்டு அசையவில்லை. "குடும்பத்துக்கே பைத்தியமா? ரேடியோவுல சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

ரேடியோ செத்துக் கிடந்தது. ஜன்னலில் பார்த்தேன். கடல் பின்வாங்கி, படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. அடுத்தது அலைதான். இவள் எழாவிட்டால் வால்டோவும் வரமாட்டான்.

"அத்தை, மலை ஏறாதவங்க மீனாயிடுவாங்க."

"ஆனா ஆயிட்டுப் போறேன், போடி!"

"உங்க உடம்புக்கு மீனெல்லாம் பத்தாது. பாறையில கொழுத்துக் கிடக்குமே, அந்தக் கடல்சிங்கம்தான்."

"யாருடி கடல்சிங்கம்?"

கரண்டியோடு துரத்தினாள். நான் மலைப்பக்கமாகவே ஓடினேன். பாதியில் மூச்சு வாங்கி நின்றாள்.

"கடல்சிங்கம்கூட இதவிட வேகமா ஏறும் அத்தை!"

மறுபடி துரத்தினாள். பின்னால் அவளைத் தள்ளிக்கொண்டே வால்டோ, அவனுக்குப் பின்னால் "விடாதீங்க சம்பந்தி, பிடிங்க அவள!" என்று அப்பா. பயத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

உச்சியில் பிடித்துவிட்டாள். கரண்டியை ஓங்கினாள். கீழே ஏதோ முறிந்தது. திரும்பிப் பார்த்தோம். எங்கள் வீடு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி, எல்லாம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. வால்டோவின் தலையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு என் காதைத் திருகினாள்.

"மாமியாரப் பாத்து கடல்சிங்கம்னு சொல்ற மருமக உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி."

வீடில்லை, படகில்லை, மாற்றுத்துணிகூட இல்லை. மருமகள் என்று சொல்லிவிட்டாளே! காது அவள் கையில் இருக்க, நான் குதித்துக் குதித்து ஆடினேன்.