ஒரு வரியில் அம்மா

நாங்கள் அகராதி தயாரிக்கிறவர்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு வரிப் பொருள், கீழே ஓர் உதாரண வாக்கியம். அந்த வாக்கியத்தை நாமாக ஜோடிக்கக் கூடாது. யாராவது வாயால் சொல்லி, நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். இது எங்கள் எடிட்டர் போட்ட சட்டம். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த வாரம் என் பங்குக்கு 'சிம்ப்ளிஸ்டிக்' வந்தது. 'சிக்கலான விஷயத்தில் முக்கியமானதையெல்லாம் விட்டுவிட்டு, அளவுக்கு மீறி எளிதாக்கிச் சொல்கிற' என்று பொருள் எழுதிவிட்டேன். பாராட்டும் சொல் இல்லை, குறை சொல்லும் சொல். உதாரணம்தான் மாட்டவில்லை.

மாட்டிய இடம் குடும்ப நீதிமன்றத்தின் கவுன்சலிங் அறை. மகள் யாரிடம் இருப்பது என்று அன்று பேச்சு.

"அவளுக்கு வேலைதான் மேடம் முக்கியம்," என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். கவுன்சலர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் ஆதியிலிருந்து சொன்னேன். அவர் கடையை இழுத்து மூடிவிட்டு வருஷக்கணக்காக சோபாவே கதியென்று கிடந்தது, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் நான் ஆபீஸில் மாலையிலும் இருந்து பார்த்த கூடுதல் வேலையில் ஓடியது, மாலை வேலையை விட்டுவிடுகிறேன் என்றபோது "அப்ப சோத்துக்கு என்ன பண்றதாம்?" என்று இதே வாய் கேட்டது. கவுன்சலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா."

ஊருக்கெல்லாம் சுருக்கிக் கொடுக்கிறவள் நான். என் கதையைச் சுருக்க எனக்கு வரவில்லை.

பிறகு மகளைக் கூப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் அப்பாகூடயே இருக்கேன். அம்மாவுக்கு வேலைதான் முக்கியம்."

அப்பன் சொல்லிக் கொடுத்த வரி. அப்பாவிடம் இருக்கட்டும், நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம் என்று முடிவானது.

மறுநாள் மாலை அந்த வரியையே 'சிம்ப்ளிஸ்டிக்' பேச்சுக்கு உதாரணமாக எழுதிக் கத்தரியிடம் நீட்டினேன்.

"யாரும்மா சொன்னது?"

"என் பொண்ணு சார். நேத்து கோர்ட்டுல."

பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் ஒரே ஒரு பக்கம்மா" என்று என்னை எத்தனையோ மாலைகள் உட்கார வைத்தவர். இவருக்காவது புரியும் என்று நினைத்தேன்.

"இது சரிப்படாதும்மா," என்றார் கனிவாக. "பொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கு? உங்களுக்கு வேலைன்னா உசுரு. இந்த ஆபீஸ்ல உங்கள மாதிரி வேற யாரு இருக்கா?"

மனுஷன் பாராட்டாகத்தான் சொன்னார். வரியை அடித்துவிட்டு, வேறு ஒன்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். வழக்கம்போல் கூடுதல் வேலையை முடித்ததும் நான் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்? விளக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த சொல்லை எடுத்தேன். இனி அந்த வரியைப் பொய்யென்று என்னாலும் சொல்ல முடியாது.