யஹ்யாவின் தகப்பன்

எங்கள் டமாஸ்கஸில் ஒருவனுக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே பிள்ளையின் பெயர் வந்துவிடும். என் தகப்பனார் பெயர் ஹில்மி. ஆகவே என் மூத்த மகனும் ஹில்மிதான் என்று, எனக்கு மீசை அரும்பும்போதே கடைத்தெருவில் முடிவு செய்துவிட்டார்கள். அன்று முதல் நான் 'அபூ ஹில்மி', அதாவது ஹில்மியின் தகப்பன். முவஃப்பக் என்ற என் சொந்தப் பெயர் துணிக்கடைப் பலகையில் மட்டும் இருந்தது.

கல்யாணம் ஆகி ஹில்மி பிறந்தான். பல் முளைக்கும் முன் போய்விட்டான். இரண்டாவது மகனுக்கும் அதே பெயரைத்தான் வைத்தோம். அவனும் போய்விட்டான். பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் அடுத்தடுத்து இரண்டு சிறிய கற்கள், இரண்டிலும் ஒரே பெயர்.

மூன்றாவது மகன் மாதம் நிறையாமல் பிறந்தான். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கைக்கு அடங்கும் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கிறபோது நானும் சேர்ந்து மூச்சுப் பிடித்துக்கொள்வேன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஏழாம் நாள் பெயர் வைப்பது வழக்கம். அதற்கு முந்தின நாள் பிற்பகலில் என் மனைவி ரபாப், "என்னை உமய்யாப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாப்பது நாள் ஆகலேன்னு தெரியும், அல்லாஹ் மன்னிப்பான்" என்றாள்.

பள்ளிவாசலின் நடுவே யஹ்யா நபியின் அடக்க இடம் இருக்கிறது. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை வெளிச்சம். ரபாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கழுத்தில் சிலுவை போட்ட ஓர் அம்மாவும் அதே கம்பியைப் பிடித்திருந்தாள்.

"உனக்கும் பிள்ளைக்காகவா, கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஆமாக்கா. கண்ணாடிப் பெட்டியில இருக்கான்."

"என் பேரனுக்கு ஆபரேஷன். நாங்க இவரை யூஹன்னான்னு சொல்லுவோம், ஏசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரு. பேருதான் ரெண்டு, ஆளு ஒண்ணுதான். நல்லாக் கேளு, தருவாரு."

வெளியே முற்றத்தில் செருப்பை மாட்டும்போது ரபாப் சொன்னாள். "பேரு யஹ்யா. முடிவு பண்ணிட்டேன். அவருக்கு முன்னாடி பூமியில யாருக்கும் அந்தப் பேரு இல்லையாம். நரைச்சுப்போன தகப்பனுக்கும் பிள்ளை இல்லாத தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கு வானத்துலேருந்தே வந்த பேரு. அர்த்தம் என்ன? 'வாழ்கிறான்'. எனக்கு வேற அர்த்தம் வேண்டாம்."

எனக்குச் சம்மதம்தான். தகப்பனாரை நினைத்துத்தான் பயந்தேன்.

வீட்டில் அவர், பிள்ளை பிறந்தால் செய்யும் கராவியாப் பாயசத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைத் தொடவில்லை. பெயரைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம்" என்றார்.

"உங்க பேரை வைக்கலேன்னு வருத்தமா, மாமா?" என்று ரபாப் கேட்டாள்.

"என் பேரா? அதை ரெண்டு தடவை மண்ணுல வச்சாச்சு. மூணாவது தடவை கேட்டாலும் நான் குடுக்கமாட்டேன். நீ வேற எதை வேணும்னாலும் வை. எதிர்க்கடை கஞ்சன் பேரைக்கூட வை. இது மட்டும் வேண்டாம்."

"ஏன் பாபா?" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உயிரை எடுக்கிற வானவர் இருக்காரே, சீக்காளி இருக்கிற வீட்டுல அவரு பேரைச் சொல்லமாட்டாங்க பழைய ஆளுங்க. அபூ யஹ்யான்னுதான் சொல்லுவாங்க. அபூ யஹ்யா வந்துட்டுப் போனாருன்னா வீட்டுல மவுத்து விழுந்துச்சுன்னு அர்த்தம்."

கண் தெரியாதவரைப் 'பார்வையுள்ளவர்' என்று சொல்கிறவர்கள் நாங்கள். சாவுக்கு 'வாழ்கிறவனின் தகப்பன்' என்று பெயர் வைத்ததும் அந்த வழியில்தான். ஆனாலும் நான் அதைக் கேள்விப்பட்டதில்லை.

"இப்ப யோசிச்சுப் பாரு" என்றார் தகப்பனார். "பிள்ளை யஹ்யான்னா நீ யாரு? அபூ யஹ்யா. கடையைத் திறந்தா ஒருத்தன் அபூ யஹ்யான்னு கூப்பிடுவான். டீ கொண்டாறவன் கூப்பிடுவான். வாசல்ல நின்னு வாய்க்கு வாய் கூப்பிட்டா, வந்து நிக்கிறது யாரு?"

ஊரில் எத்தனையோ அபூ யஹ்யாக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று புத்தி சொன்னது. அவர்களில் யாரும் இரண்டு கற்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவர்கள் இல்லை என்று மனது சொன்னது.

ரபாப் அவர் கிண்ணத்தில் வாதுமைப் பருப்பைப் போட்டு நகர்த்தி வைத்தாள்.

"அப்ப அவரு யஹ்யாவோட தகப்பன். அப்படித்தானே மாமா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றது, பொண்ணே."

"நானும் பேச்சுக்குத்தான் கேக்கறேன். ரெண்டு தடவை நம்ம வீட்டுக்கு வந்தாரு. ரெண்டு தடவையும் இங்கே இருந்தது ஹில்மி. அவருக்கு யாரோ ஒரு பிள்ளை, தூக்கிட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவையும் வரட்டுமே. பெட்டிகிட்ட நின்னு பேரு என்னான்னு கேக்கட்டும். எந்தத் தகப்பன் தன் சொந்தப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போவான்?"

தகப்பனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கொதித்த தண்ணீர் வழிந்து சீறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. சாவின் கண்ணுக்கு நேராக நின்று ஒருத்தி உறவு சொல்லிப் பேசுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கடைசியில் அவர் கரண்டியை எடுத்தார். "உன் அப்பன் உன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்" என்றார்.

மறுநாள் நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். தகப்பனார் குனிந்து காதில் பாங்கு சொன்னார். பிறகு மூன்று முறை, யஹ்யா, யஹ்யா, யஹ்யா என்றார். நிமிர்ந்ததும் என்னிடம், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அபூ யஹ்யா, என் தடியை எடு" என்றார்.

அபூ யஹ்யா வந்தாரா, வந்து பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. பிள்ளை பெட்டியை விட்டு வெளியே வந்தான். பால் குடித்தான், கத்தினான், தகப்பனாரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

பல் முளைத்த பிறகு ஒரு காலை, அவனைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போனோம். கூடம் நிறையத் தாய்மார்கள். நர்ஸ் வாசலில் வந்து நின்று, "யஹ்யா" என்று கூப்பிட்டாள்.

ரபாப் எழுந்தாள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். ஜன்னலோரம் ஒருத்தி, தூணுக்குப் பின்னால் ஒருத்தி, அழுகிற பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே இன்னொருத்தி.

"அடக் கடவுளே, இந்த ஊருல வேற பேரே இல்லையா?" என்றாள் நர்ஸ். "எந்த யஹ்யாவைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியலையே. உக்காருங்க, தகப்பன் பேரோட சொல்றேன்."

எங்கள் எழுத்தில் 'யஹ்யா' என்ற பெயருக்கும் 'வாழ்கிறான்' என்ற சொல்லுக்கும் கடைசி எழுத்து மட்டும் வேறு. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். கூடத்தில் அந்தச் சொல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர்களில் ஒவ்வொருத்தியும் எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டு வாங்கினாளோ. பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை.