எந்தக் கம்பி

"கம்பி ரவுண்டா, ஃபிளாட்டா?" என்று கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கண்ணாடி மேசைமேல் அப்பாவின் பேஸ் கிடார் கம்பி இல்லாமல் மல்லாந்து கிடந்தது. வீட்டுக் கூடத்தில் அப்பாவும் அப்படித்தான் கிடந்தார். மணி பதினொன்றேகால். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னால் அவருடைய இசைக்குழுக்காரர்கள் வந்து அவர் தலைமாட்டில் ஒரு பாட்டு வாசிப்பார்கள். அவர் கிடாரிலேயேதான் வாசிக்கணும் என்று டிரம்ஸ்காரர் விடிந்ததும் போன் செய்திருந்தார். "அவன் சத்தத்தோட அவனை அனுப்புவோம்மா. அது போதும்." சரி சித்தப்பா என்று சொல்லிவிட்டாள். அந்தக் கிடாரில் ஒரு கம்பிகூட இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலண்ணே. பேஸ் கிடார் கம்பின்னு கேட்டா எடுத்துக் குடுக்க மாட்டீங்களா?"

"செருப்பு வேணும்னு போனா கால் அளவு கேக்க மாட்டாங்களா? பழைய ஸ்ட்ரிங் இருந்தா காட்டும்மா. பாத்து எடுத்துடலாம்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

கடைக்காரர் கிடாரைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்தவர் கை அப்படியே நின்றது. கிடாரின் மேல் விளிம்பில், தேன் நிறத்துக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"இதை யாரு தேச்சது?"

"நான்தான். அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கு இல்லம்மா இது. பெயின்ட் அடிக்காத மரம். மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு மட்டும்தான் இருக்கும். வருஷம் போகப் போக அது பழுத்து மஞ்சளாகும். முன்கை ஊன்ற இந்த எடத்துல பூச்சே தேஞ்சு போயி, வியர்வை மரத்துல இறங்கிக் கறுத்துடும். புதுக் கிடாரை இந்த மாதிரி ஆக்கித் தாங்கன்னு காசோட வர்றாங்க, தெரியுமா? எதைப் போட்டுத் தேச்சே?"

"பாத்திரம் தேய்க்கற பொடி."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"கம்பியைச் சொல்லுங்கண்ணே."

அதைக் கெடுக்க அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? வாங்கிய அன்று அப்பா எடுத்துக்கொண்ட படத்தில் அந்தக் கிடார் சீவிய பென்சில் போல வெளுப்பாக இருக்கும். வாரம் முழுக்க லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாரக் கடைசியில் கல்யாண மேடைகளில் அதை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பார். இருபத்தேழு வருஷம். நுரையீரல் படுத்தி அவர் கட்டிலோடு ஆனபிறகு, அவரைச் சந்தோஷப்படுத்த என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, படத்தில் இருந்த நிறம் வரும்வரை தேய்ப்பது என்று உட்கார்ந்தாள். உள்ளங்கை அகலம் தேய்ப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தாள். அப்பா அந்தத் திட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"நல்லா வெளுத்திருக்கு" என்றார், சலவைச் சட்டையைப் பார்த்துச் சொல்வதுபோல. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "கம்பி?" என்றார்.

"பழசைப் போட்டுட்டேன்ப்பா. புதுசு வாங்கிடலாம்."

"எந்தக் கம்பின்னு சொல்றேன். எழுதிக்க."

அந்த நேரம் பார்த்து அவள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "அப்புறம் எழுதிக்கறேன்ப்பா. கடையில கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் "பேப்பர் எடு" என்றார். ஆக்சிஜன் உருளை மாற்ற ஆள் வந்து நின்றான், அன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அதன்பிறகு ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாள். எழுதிக்கொள்ள ஒன்பது நிமிஷம் ஆகியிருக்காது.

"சரி, தொட்டா எப்படி இருந்துச்சு? சொரசொரன்னா, வழவழன்னா?" கடைக்காரர் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தாள். "வழவழன்னு. விரலை இழுத்தா கீச்சுனு சத்தம் வராது."

"அப்ப ஃபிளாட்டு." கிடாரின் கழுத்து முடியும் இடத்தில், கம்பி உட்காரும் பள்ளங்களை நகத்தால் அளந்தார். "கனமானதுதான் போட்டிருக்காரு. ஒரே ஒரு செட்டு இருக்கு. ஆனா இப்பவே சொல்லிடறேன், இதை மாட்டின உடனே பழைய சத்தம் வராது. எத்தனை வருஷமா போட்டிருந்தாரு?"

"நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுலேர்ந்து அதேதான்."

"அப்ப அந்தச் சத்தம் வரவும் அத்தனை வருஷம் ஆகும்."

"எனக்கு நாலு மணிக்குள்ள வேணும்."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பில் போட்டார்.

வீட்டு வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். "உங்கப்பனைக் கூடத்துல போட்டுட்டு இந்த மரத்தைத் தூக்கிக்கிட்டு எங்கடி போனே? என் தம்பி முகத்தைப் பாக்க வந்ததுங்க எல்லாம் பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேக்குதுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கப் போயிருக்கான்னு நான் புளுகிக்கிட்டிருக்கேன்."

"அப்படியே இருக்கட்டும் அத்தை."

"எது?"

"நீங்க சொன்ன புளுகு."

உள்ளறையில் டிரம்ஸ்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் அவருக்கு இடி என்று பெயர். நாற்காலிகள் அவர் எடையிடம் தோற்றுப்போனதால் எங்கே போனாலும் தரைதான். பக்கத்தில் புது ஆள். அப்பா படுத்தபிறகு பேஸ் வாசிக்க வந்தவர். நாற்பத்தைந்து வயது, முன்தலை வழுக்கை. ஆனாலும் புது ஆள்.

இடி கிடாரை வாங்கினார். வெள்ளைத் திட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கிடாரைப் புது ஆளிடம் நகர்த்தினார். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

புது ஆள் கம்பிகளை மாட்டி முறுக்கி, ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்து, ஒரு தட்டுத் தட்டினார். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் சத்தம் பக்கத்து அறையில் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல இருக்கும். வீட்டில் வாசிக்கும்போது பாதி நேரம் அது கேட்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்ததில்லை.

"இது அவன் இல்ல" என்றார் இடி. "ஸ்பாஞ்சு இருக்காம்மா?"

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து எடுத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். இடி அதைக் கத்தரியால் வகிர்ந்து, கம்பிகள் முடியும் இடத்தில் அடியில் செருகினார். புது ஆள் மறுபடியும் தட்டினார். சத்தம் அடங்கித்தான் இருந்தது.

"இப்ப அப்பா மாதிரி இருக்கா சித்தப்பா?"

"இல்ல. சளி பிடிச்ச மாதிரி இருக்கு."

அவளுக்கு வந்தது கோபம்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "அப்பா எந்தக் கம்பி போடுவாருன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கா?" இடி ஸ்பாஞ்சின் மிச்சத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "பக்கத்துலயே உக்காந்து அடிச்சேன். ஒரு தடவை வண்டியில போறப்ப சொல்ல ஆரம்பிச்சான். உன் கம்பிக் கதை யாருக்குடா வேணும், தூங்க விடுன்னேன்." நிமிரவில்லை. "உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

அவள் கீழே சிதறியிருந்த ஸ்பாஞ்சுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

நாலு மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே ஓட்டுநர் இறங்கி, எத்தனை நேரமாகும் என்று அத்தையிடம் கேட்டான். ஒரு பாட்டு, அஞ்சு நிமிஷம் என்றாள் அத்தை. இடி சின்ன மேளம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். புது ஆள் தொடங்கினார்.

பாட்டு பாதி போவதற்குள் சுருதி இறங்கிவிட்டது. புதுக் கம்பி, இழுபட்டுத் தளர்ந்துகொண்டே இருந்தது. புது ஆள் நிறுத்தினார். "மன்னிச்சுக்குங்க. புதுசு, நிக்க மாட்டேங்குது" என்று முறுக்கினார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி இறங்கியது. தூக்குவதற்கு வந்த நாலு பேரும் குனியலாமா நிமிரலாமா என்று தெரியாமல் நின்றார்கள். அத்தை முனகினாள். "என்னம்மா இது, இன்னிக்குன்னு பாத்து."

மூன்றாவது முறையும் புது ஆள் நிறுத்தினார். வியர்த்திருந்தது. "அப்படியே வாசிச்சு முடிச்சுடட்டுமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அப்பாவின் போர்வை ஓரத்தில் ஒரு சுருக்கம் இருந்தது. அவள் அதை நீவினாள்.

"இல்லண்ணே. சரி பண்ணுங்க. மெதுவா பண்ணுங்க."

அவர் முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். வாசலில் நின்ற ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய், வண்டியின் எஞ்சினை அணைத்தான்.