மச்சான் பிடித்த கயிறு

மரியான் இடது பக்கம் வைத்த சீட்டுகள் நனைந்தன, வலது பக்கம் வைத்தவை நனையவில்லை. இது நடந்தது எழுபத்தைந்தாம் வருடம். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போவதே தூத்துக்குடிக்காரர்களுக்கு வேலையாக இருந்த சமயம் அது, அதனால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரியான் சங்கு குளிக்கிறவன். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்க அவன் மச்சானைத்தான் வைப்பார்கள். கூடப் பிறந்தவள் தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் என்ற கணக்கு. மரியானுக்குக் கயிறு பிடித்தவன் அவன் பெண்டாட்டி கிளாடிஸின் தம்பி ரோச். கீழேயிருந்து கயிறு அசைந்தால் ஆளை மேலே இழுத்துவிட வேண்டும். ஒரு நாள் அசைந்தது. காலையிலிருந்தே நீரோட்டம் கயிற்றை ஆட்டி ஆட்டி ஏமாற்றிக்கொண்டிருந்ததால், இதுவும் நீரோட்டம்தான் என்று ரோச் இருந்துவிட்டான். பிறகு இழுத்தபோது மரியான் மூச்சோடுதான் வந்தான். ஆனால் பேச்சில்லை, ஆள் அடையாளம் தெரியவில்லை. ஊட்டினால் தின்றான், உட்கார வைத்தால் உட்கார்ந்தான். ரோச் அதற்கப்புறம் அக்கா முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கிளாடிஸ் அவனை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவனுக்காவது கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும்.

அந்த நிலைமையில்தான் எபனேசர் வந்தார். நாசரேத்துக்காரர். மதராஸில் மனோதத்துவம் படித்துவிட்டு, மூச்சடங்கிப் பிழைத்தவர்களின் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கையில் சீட்டுக்கட்டோடு அவர் தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள், புத்தி பேதலித்தவனிடம் சீட்டாடி எதைப் பிடுங்கப் போகிறார் இந்த மனிதர் என்றார்கள். அவர் மரியானுக்கு முன்னால் நாலு சீட்டுகளை வரிசையாகப் பரப்பினார். இடமிருந்து நட்சத்திரம், வட்டம், சிலுவை, முக்கோணம். ஒவ்வொன்றும் ஒரு நிறம். கட்டிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, அது இந்த நாலில் எதோடு சேருமோ அதன் கீழே வைக்க வேண்டும். எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று அவர் சொல்ல மாட்டார். வைத்த பிறகு சரி அல்லது தப்பு என்பார், அவ்வளவுதான். பிடிபட்டுச் சரியாக வைக்க ஆரம்பித்ததும் வாயைத் திறக்காமல் விதியை மாற்றிவிடுவார். கிளாடிஸுக்கு இது அநியாயமாகப் பட்டது.

"சொல்லாம கொள்ளாம மாத்துனா மனுசன் என்ன செய்வான், சார்?"

"அதுதாம்மா டெஸ்ட்டே. விதி மாறிட்டுன்னு தெரிஞ்சு அவரும் மாறிட்டாருன்னா, ஆளு திரும்பி வந்துருவாருன்னு நம்பலாம்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு கிளாடிஸ் தொங்கினாள். புருஷன் ஒரே ஒரு தடவை மாறிவிட்டால், தங்கத்தேர் ஓடும் வருடம் பனிமய மாதாவுக்கு வடம் பிடிப்பதாக நேர்ந்துகொண்டாள்.

முதல் விதி வடிவம். மரியான் யோசிக்கக்கூட இல்லை, நட்சத்திரத்தை நட்சத்திரத்தோடும் சிலுவையைச் சிலுவையோடும் மளமளவென்று வைத்தான். எபனேசர் முகம் மலர்ந்து விதியை நிறத்துக்கு மாற்றினார். மரியான் மாறவில்லை. தப்பு, தப்பு என்று சாயங்காலம் வரை சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்து நட்சத்திரங்களும் வட்டங்களும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. கொடியில் காயப்போட்டு எடுத்துக்கொண்டார். ஈரத்துக்குத் தன் ஆராய்ச்சியில் இடமில்லை என்பதால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த கிளாடிஸுக்கு ஒரு நாள் பொறி தட்டியது. நட்சத்திரம் என்றால் நட்சத்திர மீன், வட்டம் என்றால் சிப்பி, இரண்டும் கடலுக்கு அடியில் கிடக்கிறவை. சிலுவையும், உப்பளத்தில் முக்கோணமாகக் குவித்திருக்கும் உப்பும் கரையில் இருக்கிறவை. தெரிந்ததோடு அவள் பேசாமல் இருந்திருக்கலாம், மனசு கேட்டால்தானே. உள்ளே போய்க் கல்யாணப் போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். மரியான் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு நடுவில் நேராகக் கிழித்து, அவள் இருந்த பாதியை வலது பக்கமும் தான் இருந்த பாதியை இடது பக்கமும் வைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டுப் போட்ட மாப்பிள்ளையின் கழுத்து வரை தண்ணீர் ஊறியது. எபனேசர் மிச்சச் சீட்டுகளைக் கட்டி மூடி வைத்தார்.

கிளாடிஸ் அழுது முடித்துவிட்டு, மூலையில் சுருட்டிப் போட்டிருந்த அந்தப் பழைய கயிற்றை எடுத்து வந்தாள். கடலுக்குப் போகும்போது கட்டுகிற மாதிரியே புருஷன் இடுப்பில் கட்டினாள். வாசலில் நின்ற தம்பியைக் கூப்பிட்டு மறுமுனையை அவன் கையில் கொடுத்தாள்.

"ஏலே ரோச்சு, உங்க அத்தான் இன்னும் மேல வரலலே. இழு."

ரோச் அன்றுதான் அக்கா முகத்தை நிமிர்ந்து பார்த்தான். இழுத்தான். மரியான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, இடுப்பில் போட்ட முடிச்சும் அவிழவில்லை. கயிறு மட்டும் வந்தது, ஈரமாக, பாசி பிடித்து, அவனுடைய இடுப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்தது, வாரக் கடைசியில் முற்றமும் நிறைந்தது. ரோச் கடலுக்குப் போவதை விட்டான். அவன் சாப்பிடுகிற நேரத்தில் கிளாடிஸ் இழுத்தாள். தங்கத்தேர் ஓடிய வருடம் வடம் பிடிக்க அவள் போகவில்லை, கை ஒழிந்தால்தானே போக. எபனேசர் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு ஒரு முறை வந்து சீட்டுக்கட்டைக் கொடுத்துப் பார்த்தார். நட்சத்திரம் இடது, சிலுவை வலது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் இழுத்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

வேறு தெருக்களில் சாகக் கிடக்கிறவர்களைத்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பார்கள். மரியான் எப்படி இருக்கான் என்று கேட்கிறவர்களிடம் கிளாடிஸ் கையை நிறுத்தாமல், "இழுத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்பாள். கேட்டவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, தங்கள் வள்ளத்துக்கு வேண்டிய அளவு கயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.